கட்டிங் அக்காவின் கோப்புகள்

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு சின்னத் தவறு. முதலாளி கொடுத்த பட்டியலில் ஒன்பது மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றனவா என்று இரண்டு முறை எண்ணினேன். யாருடையவை என்று வாசிக்கவில்லை.

"வேலையை விட்டுப் போனவங்க. இனிமே நம்ம கோப்பு எதையும் திறக்கக் கூடாது. எடுத்துடு" என்றார்.

நாங்கள் தைப்பது சீருடைகள். துணி வெட்டுவதற்கான அளவு வரைபடங்கள், அதாவது பேட்டர்ன்கள், எல்லாம் இணையத்தில், கிளவுடில் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பெயரை நீக்கினால் ஒரு வாரம் ஆகும். மாலை வகுப்பில் கற்றதை வைத்து இருபது வரியில் ஒரு நிரல் எழுதி ஓட்டினேன். எட்டுப் பேர் போனார்கள். ஒன்பதாவதில் 212 முறை ஒரே பிழைச் செய்தி: உரிமையாளரை நீக்க முடியாது.

வழக்கம்போல் கோளாறு என்னிடம்தான் என்று அரைமணி நேரம் நிரலைக் குடைந்தேன். பிறகுதான் முகவரியைப் பார்த்தேன். பேட்டர்ன்களை வரையும் கட்டிங் அக்கா! மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து காலர் வரைந்துகொண்டிருந்தார்.

முதலாளியிடம் போனேன்.

"அவ வெள்ளிக்கிழமையோட கிளம்புறா. அவளுக்கு இன்னும் தெரியாது. உரிமையை என் பேருக்கு மாத்து."

"முடியாது சார். அவங்க கணக்கிலிருந்து அவங்களேதான் மாத்தித் தரணும்."

"அப்ப அவ லேப்டாப்ல ஓட்டு. கிளாஸ் ஹோம்வொர்க்னு சொல்லு. உன்னைக் கண்டா உருகுறவதானே, குடுத்துடுவா."

"சரி சார்" என்று வாய் சொல்லிவிட்டது. வெளியே வந்ததும் கோபம் கொதித்தது. என் வீட்டுப்பாடத்தைக் கன்னக்கோலாக்கப் பார்க்கிறார். நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நேராக அக்காவின் மேசைக்குப் போனேன்.

"என்ன தங்கச்சி, மூஞ்சி கடுகடுன்னு இருக்கு? கம்ப்யூட்டர் கடிச்சிடுச்சா?"

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, நான் "சரி" சொன்னதையும்.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "ஆபீஸ் கணக்கு ஒண்ணு குடுங்கன்னு நாலு வருஷம் கேட்டேன். 'உன்னோட கணக்குலயே போட்டு வை, நீ வீட்டு மனுஷிதானே'ன்னாரு. இப்ப வீட்டு மனுஷிய வெளிய தள்ளிட்டு, பெட்டிய மட்டும் வெச்சுக்குவாராமா?" சத்தம் உயராமலே கேட்டார்: "அழிச்சிடலாமா?"

"அழிச்சிடலாம்கா."

"வேணாம். கீழ வெட்டுற பிள்ளைங்க என்ன பண்ணும்? அவங்க பார்க்கட்டும். அந்தாளு கைவைக்க முடியாம பண்ண முடியுமா?"

முடியும். எனக்கு அழித்திருந்தால்தான் ஆத்திரம் அடங்கியிருக்கும். ஆனால் வரைந்தவர் அவர்.

நாளை காலை எட்டரை மணிக்கு அக்காவின் லேப்டாப்பில், அவர் பக்கத்தில் இருக்கும்போது, 212 கோப்புகளிலும் முதலாளிக்கு இருக்கும் 'திருத்தலாம்' என்பதைப் 'பார்க்கலாம்' என்று மாற்ற வேண்டும். நகலெடுப்பதையும் பதிவிறக்குவதையும் மூட வேண்டும். ஒன்பது மணிக்கு முதலாளி அறைக்குப் போய், செய்தது நான்தான் என்று சொல்ல வேண்டும்.