ஒன்பது குறைகள்

நகராட்சியின் மின் பரிசோதனைப் பிரிவில் அவருக்குச் ‘சிவப்புச் சீட்டு’ என்று பெயர். வீட்டு ஒயரிங்கில் குறை கண்டால் சுவிட்ச் போர்டின் மேல் ஒட்டுகிற சீட்டு அது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். இருபத்தாறு வருடத்தில், பரிசோதிக்கப் போன வீட்டில் ஒரு வாய் டீ குடித்ததில்லை. அவர் வீட்டு அழைப்பு மணியை அடிக்கவே முதலில் விண்ணப்பம் போட வேண்டும் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவருடைய தம்பி பஸ் பணிமனையில் மெக்கானிக். மனைவியின் தையல் வேலைக்காக வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டினான். மூன்று மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, நாலு டியூப் லைட்டுக்கு ஒயரிங் வேண்டும். சொந்த வீட்டு வேலையை உரிமையாளரே செய்துகொள்ளலாம். ஆனால் முன்னதாக அனுமதி வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் பரிசோதகர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் மின்சாரம் கொடுக்கலாம் என்பது விதி. அண்ணன் பெயர் கெட்டுவிடக் கூடாதென்று தம்பி ஒருநாள் விடுப்பு எடுத்து, வரிசையில் நின்றுதான் விண்ணப்பம் கொடுத்தான்.

அந்தப் பரிசோதனைக்கு அவர் போயிருக்கவே கூடாது. சொந்தக்காரர் வீடென்றால் வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். மேலதிகாரியும் அதைத்தான் சொன்னார். இவரோ, மற்றவர்கள் போனால் எனக்காகக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள், நானே போகிறேன் என்று வீம்பாகக் கிளம்பினார். விதிகளைக் கரைத்துக் குடித்தவர் மீறிய ஒரே விதி அதுதான்.

அன்று தம்பியின் மாமனார் மாமியாரும் அக்கம்பக்கத்தார் இரண்டு பேரும் புது அறையைப் பார்க்க வந்திருந்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டதும் விளக்கைப் போட்டுக் காட்டலாம் என்பது தம்பியின் எண்ணம். அவர் ஏணி கேட்டார், மேற்கூரைக்குள் தலையை விட்டார், ஒவ்வொரு சாக்கெட்டையும் கழற்றினார். ஒரு மணி நேரம் கழித்து ஒன்பது குறைகளை எழுதினார். இஸ்திரிப் பெட்டிக்கான சாக்கெட்டில் எர்த் ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை. மேற்கூரைக்குள் ஓர் ஒயர் இணைப்பு, பெட்டிக்குள் வைக்கப்படாமல், வெறும் டேப்பில் நின்றது. இந்த இரண்டும் உண்மையிலேயே ஆபத்து. மற்ற ஏழும் பிரேக்கர் சுவிட்சில் எது எதற்கென்று பென்சிலால் எழுதியிருக்கிறது, பைப்பைப் பிடிக்கும் கிளாம்புகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்கிற ரகம். எல்லாவற்றையும் சிவப்புச் சீட்டில் ஒரே மாதிரி எழுதி, எல்லோர் முன்னாலும் போர்டில் ஒட்டினார்.

தம்பியின் முகம் கறுத்தது. “அண்ணே, வாயால சொல்லியிருந்தா இப்பவே சரி பண்ணியிருப்பேனே. மாமா எதிர்ல எழுதி ஒட்டணுமா?” என்றான்.

“வீட்டுலதான் நான் அண்ணன். இங்க நான் பரிசோதகர்.”

“அப்ப இது யாரு வீடு?”

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாமியார் கொண்டுவந்த டீ அப்படியே ஆறியது.

குறைகளைச் சரிசெய்த பின் உரிமையாளர் மறுபரிசோதனை கேட்டு ஒரு வரி எழுதித் தர வேண்டும். தம்பி தரவில்லை. தராமல் போய்ப் பார்ப்பது முறையில்லை என்று அவரும் இருந்தார். உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் செருப்பைத் தேடினார். ஒரு வருடம் ஆனதும் அனுமதி காலாவதியானதாகக் கடிதம் போனது. மறுவருடம் இன்னொன்று. அச்சடித்த வாசகம், கீழே கையெழுத்து மட்டும் அவருடையது. அந்தக் கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் ‘நல்லா இருக்கியாடா’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார்.

நாலாவது வருடம் ஒரு காலைப்பொழுதில், பணிமனையில் வேலையாக இருந்த தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்முன் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று அந்த வீட்டு வாசலில் அவர் யாரோ போல ஓரமாக நின்றுவிட்டு வந்தார்.

ஆறு மாதம் கழித்துத் தம்பி மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். வீட்டை விற்றுவிட்டு அக்கா இருக்கும் ஊருக்குப் போகிறாளாம்; முடியாமல் கிடக்கும் அனுமதியை முடித்தால்தான் விற்க முடியும். கவுன்ட்டரில் அவரைப் பார்த்ததும், “இதுக்கு என்ன செய்யணும், சார்?” என்று கேட்டாள். முன்பெல்லாம் வாய் நிறைய அத்தான் என்று கூப்பிட்டவள்.

இந்த முறை முறைப்படி வேறொரு பரிசோதகரை அனுப்பினார்கள். புதிதாகச் சேர்ந்த பெண். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு அவரும் வெறுங்கையோடு கூடப் போனார். முன்னறையில் மூன்று மெஷின்களும் நெருக்கிக்கொண்டு நின்றன. துணிமூட்டைகளைத் தாண்டித்தான் உள்ளே போக முடிந்தது. பின்னறை காலியாக இருந்தது.

பரிசோதகி பழைய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எர்த் பிடிப்பு சரி. மேற்கூரையில் பெட்டி வைத்து இணைத்திருக்கிறது. கிளாம்புகள் அளந்து அடித்தாற்போல் இருந்தன. பிரேக்கர்களில் அச்சடித்த எழுத்து. ஒன்பதும் சரி. எப்போது செய்தது என்று கேட்டாள்.

“சீட்டு ஒட்டின அதே வாரம்,” என்றாள் தம்பி மனைவி. “மூணு நாள் லீவு போட்டுச் செஞ்சாரு.”

“அப்புறம் ஏன் இந்த ரூமை யூஸ் பண்ணல?”

“அண்ணன் கையெழுத்து இல்லாம இதுல கரண்ட் போகக் கூடாதுன்னுட்டாரு. எழுதிக் குடுங்கன்னு நான் எத்தனையோ தடவ சொன்னேன். அண்ணன் தம்பி வீட்டுக்கு வர விண்ணப்பமா, அவரே ஒருநாள் வருவாருன்னு சொல்லிட்டே இருந்தாரு.”

பரிசோதகி அளவுகளைப் பார்த்துவிட்டு பிரேக்கரை மேலே தள்ளினாள். நாலு விளக்கும் ஒரு சிமிட்டல் சிமிட்டிவிட்டு எரிந்தன. தம்பி மனைவி வாசற்படியிலேயே நின்று அறையைப் பார்த்தாள். நாலு வருடமாகப் பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்த அறை. பெரிய மெஷினை ஜன்னலோரம் போடுவதாக இருந்தோம் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். “நான் ஒரு தடவ வந்திருக்கணும்மா,” என்றார்.

“ஆமா. வந்திருக்கணும்,” என்றாள். அதில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

வீடு அடுத்த மாதம் விற்றுப்போனது. சான்றிதழ் அனுப்புவதற்காக அவளுடைய புது முகவரி கோப்பில் இருந்தது. அவர் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, கோப்பை மூடிவிட்டு அவளுக்குப் போன் செய்தார். முகவரி வேண்டும் என்றார். எதற்கு என்று அவள் கேட்டாள்.

“வந்து பாக்கத்தான்.”

 அவள் கதவு எண்ணிலிருந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் எழுதிக்கொண்டார்.