நெவிலின் முன்பல்

திரையில் நெவில் ஹார்ஸ்ஃபாலின் வாய் சுவர் அகலத்துக்கு விரிந்து நின்றபோது, ஹெதர் தன் நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டு முன்பற்களும் கதவளவுக்குத் தெரிந்தன. வகுப்பில் யாரோ செருமினார்கள். பாடம் நடத்தும் ஆலிஸ்டர் திரைக்குப் பக்கத்தில் போய், மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்று பார்த்தார். ஹெதருக்குக் காது சூடேறியது. எங்கே தப்பு? ஓரத்தில் கோடு விழுந்திருக்கிறதா? நிறம் அரைப்பங்கு கூடிவிட்டதா?

"இதுல எது அவரோட சொந்தப் பல்லு, எது நீங்க கட்டினது?" என்று ஆலிஸ்டர் திரும்பிக் கேட்டார்.

"இடது பக்கம்... உள்மூலை."

"எனக்குத் தெரியல. வேற யாருக்காவது தெரியுதா?"

யாருக்கும் தெரியவில்லை. அவளைத் 'தலைமை ஆசிரியை' என்று கேலி செய்கிற பின்வரிசை இளைஞர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ஹெதருக்குக் கண்ணில் நீர் முட்டியது. சட்டென்று குனிந்து பையில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தாள்.

மாதத்தில் ஒரு வெள்ளி, சனி லீட்ஸுக்கு ரயிலேறி வந்து படிக்கிற படிப்பு அது. ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, பல் அடைப்பதையும் உடைந்த பல்லைக் கட்டி எழுப்புவதையும் மட்டும் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்கிற பல் மருத்துவர்களுக்கானது. ஐம்பதை நெருங்குகிற வயதில் இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் கேட்டபோது அவள் பேச்சை மாற்றினாள். கல்லூரியை விட்டு வந்த நாளிலிருந்து அவள் வேலையை யாரும் பார்த்ததில்லை என்பதுதான் பதில். கால்டர் பள்ளத்தாக்கின் ஒரு சின்ன ஊரில், ரொட்டிக்கடைக்கு மேலே உள்ள ஒரே அறையில், ஆயிரக்கணக்கான வாய்களுக்குள் அவள் செய்தது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. வலி போனால் நோயாளிகள் நன்றி சொல்வார்கள். அது வேறு. தான் சுமாரான மருத்துவர்தானோ, இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் தப்பித்து வந்திருக்கிறோமோ என்ற பயம் நாக்குக்கு அடியில் கிடக்கிற மீன்முள் மாதிரி எப்போதும் இருந்தது.

நெவில் பஸ் பணிமனையில் மெக்கானிக். ஊர் பேண்டில் முதல் கார்னெட் அவர்தான். சின்ன ட்ரம்பெட் மாதிரியான அந்தப் பித்தளைக் குழலைப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஊதுகிறார். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லின் மூலை போனது. அதற்கு ஹெதர், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அடைப்பு வைத்தாள். குட்டையாக, தடியாக, இப்போது பழுப்பேறி, பக்கத்துப் பல்லை ஒட்டாமல் சந்து விட்டு நின்றது. பரீட்சைக்கு ஒரு முன்பல் கேஸ் வேண்டும், செய்துமுடித்த அன்றைய படமும் ஆறு மாதம் கழித்து இன்னொரு படமும் காட்ட வேண்டும் என்றதும் அவளுக்கு முதலில் நினைவு வந்தது அந்தப் பல்தான். "அது பாட்டுக்கு இருக்கு ஹெதர், அத ஏன் நோண்டணும்?" என்றார் அவர். பிறகு, "சரி, உன் படிப்புக்குன்னா செஞ்சுக்கோ" என்று வாயைத் திறந்தார். நவம்பரில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படலம் படலமாகக் கட்டினாள். சந்தை மூடினாள், நீளத்தைப் பக்கத்துப் பல்லுக்குச் சமமாக்கினாள், பின்புறத் தடிப்பைக் குறைத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த வேலை அது.

அந்தப் பாராட்டோடு ஊருக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. இறைச்சிக் கடை வரிசையில் நெவிலின் மனைவி லொரெய்ன் அவளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"ஏய் ஹெதர், இங்க வா. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு அந்த மனுஷன் சத்தியம் வாங்கியிருக்காரு. அதான் சொல்றேன்."

"என்ன ஆச்சு?"

"பல்லு ஜோரா இருக்குடி, குறையே சொல்ல மாட்டேன். சொந்தக்காரங்க கல்யாண போட்டோவுல மாப்பிள்ளைய விட இவருதான் இளிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஆனா ஊத முடியல."

"வலிக்குதா?"

"வலிச்சாத்தான் ஊரையே கூட்டிடுவாரே. இது வேற. கராஜுக்குள்ள போய்க் கதவ சாத்திக்கிட்டு ஊதறாரு. பாதியில நிக்குது. மறுபடி ஊதறாரு, மறுபடி நிக்குது. அப்புறம் சத்தமே இல்ல. டீ கொண்டுபோய்ப் பாத்தா காருக்குள்ள உக்காந்திருக்காரு. கார் எங்கயும் போகலடி." லொரெய்ன் குரலைத் தாழ்த்தினாள். "மார்ச்ல போட்டி. தனி வாசிப்பு இவரோடது. பேண்டுல நெஞ்சுச் சளின்னு சொல்லி வச்சிருக்காரு."

"அடுத்து யாரும்மா? கதை பேசறவங்க ஓரமா நின்னு பேசுங்க," என்றார் கடைக்காரர். ஹெதர் சாசேஜ் வாங்க மறந்து வெளியே வந்தாள்.

மறுநாள் சும்மா ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று நெவிலை வரச் சொன்னாள். அவர் வேலை உடுப்போடு வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஓரங்களைக் கண்ணாடியில் பார்த்தாள், எதிலும் பழுதில்லை. மேல் உதட்டின் உட்புறத்தில், குழல் உதட்டைப் பல்லோடு அழுத்துகிற இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு வெட்டு, ஆறியும் ஆறாமலும்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம் டாக்டரே. பேத்தி என் வாயையே பாத்துக்கிட்டிருக்கா."

"நெஞ்சுச் சளி?"

அவர் உட்கூரையைப் பார்த்தார். "லொரெய்னுக்கு வாயில பூட்டு போட உங்கிட்ட ஏதாவது வழி இருக்கா?" என்றார். பிறகு, "உன் பரீட்சை எப்போ?"

"ஜூன்ல. மே மாசம் இன்னொரு படம் எடுக்கணும்."

"அதுவரைக்கும் இது இப்படியேதான் இருக்கணும், இல்ல?"

ஹெதர் கையுறையைக் கழற்றினாள். ஒரு விரல் உள்ளுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

"அப்ப இருக்கட்டும்," என்று எழுந்தார் நெவில். "உதடு பழகிக்கும். பழகாம எங்க போயிடப் போவுது?"

அவர் படியிறங்கிப் போனதும் அவளுக்கு வந்தது நிம்மதி. அதை உணர்ந்த அடுத்த கணமே உடம்பு கூசியது. அவர் தானாகவே விட்டுக்கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றியது. அன்று மாலை முழுக்கத் தன் நாக்கால் தன் முன்பல்லின் பின்புறத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அங்கே இருக்கிற பள்ளத்தையும் மேட்டையும் அதுவரை அவள் கவனித்ததே இல்லை.

ஆலிஸ்டரிடம் போனில் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பழக ஆறு மாசம்கூட ஆகலாம் ஹெதர். ஜூன் வரைக்கும் பொறுங்க, அப்புறம் எப்படி வேணும்னாலும் மாத்துங்க."

"போட்டி மார்ச்ல."

"முடிவு உங்களோடது, நான் தடுக்க மாட்டேன். ஆனா தொட்டீங்கன்னா இந்தக் கேஸ் போச்சு. புதுசா ஒண்ணு செஞ்சு, ஆறு மாசம் பாத்து... அடுத்த வருஷம்தான். பாடத்துல காட்டறதுக்கு உங்க படத்தைக் கேக்கணும்னு இருந்தேன். அதையும் சொல்லிடறேன்."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் காதிலேயே நின்றது. பொறுக்கலாம் என்று முடிவு செய்தாள். மனித உதடு எதற்கும் பழகும், பொய்ப்பல் செட்டுக்கே பழகுகிறார்கள். இரண்டு வாரம் அப்படியே ஓட்டினாள். பகலில் மற்றவர் வாய்க்குள் கை வைக்கும்போது முன்பல்லுக்குப் பக்கத்தில் வந்தால் கை தயங்கியது. ஒரு கிழவருடைய சாதாரண அடைப்பை மூன்று தடவை சரிபார்த்தாள். "உங்களுக்கு என்ன ஆச்சு? பல்லைப் பாத்து நீங்களே பயப்படறீங்க," என்றாள் உதவியாளர் பெவ்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து போகிற வழியில், பேண்டு கூடத்துக்கு வெளியே காரை நிறுத்தினாள். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. உள்ளே தனி வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. சுத்தமாக, தடுமாறாமல் மேலே ஏறியது. பழகிவிட்டது! அவளுக்கு நெஞ்சு லேசானது. காரைவிட்டு இறங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசித்தது பதினேழு பதினெட்டு வயதுப் பெண். நெவில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், கார்னெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்காகத் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். சரியான இடத்தில் திருப்புவதற்காக உதட்டை அசைத்து அசைத்து எண்ணினார். திருப்பிவிட்டு நல்லா இருக்கு என்பதுபோலத் தலையாட்டினார்.

காருக்குத் திரும்பி வந்து அவர் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தாள். லொரெய்ன் எடுத்தாள். "நாளைக்கு மத்தியானம் அவர வரச் சொல்லு. கார்னெட்டோட."

புதன் மத்தியானம் மருத்துவமனைக்கு அரைநாள் விடுமுறை. பெவ் கதவைத் திறந்துவிட்டாள். "பாட்டுக்காரரு பொட்டியோட வந்துட்டாரு. காதுல பஞ்சு வச்சுக்கலாமா?"

நெவில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊதினார். அந்தச் சின்ன அறையில் ஓசை மெலிந்து, ஓரத்தில் காற்று கசிந்து, மேலே ஏறும் இடத்தில் அறுந்தது. அவர் கழுத்து சிவந்துவிட்டது.

"எங்க தடுக்குது?"

"சொல்லத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? முன்னெல்லாம் வாய வச்சா அதுவா வரும். இப்ப யார் வாயையோ கடன் வாங்கி ஊதற மாதிரி இருக்கு."

பழைய வடிவம் எப்படி இருந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. முன்பக்கப் படம் ஒன்று இருந்தது. பின்பக்கத்தை யார் படம் எடுத்தார்கள்?

அவள் ட்ரில்லைக் கையில் எடுத்ததும் பெவ் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தொடறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துக்கலாம். தேதிய மே மாசம்னு மாத்திக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

நெவில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல யோசனைதானே," என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். ஹெதரின் கை ட்ரில்லோடு அந்தரத்தில் நின்றது. ஒரு தேதி. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆலிஸ்டர் திரைக்குப் பக்கத்தில் நின்று புதுப் பிள்ளைகளிடம் கேட்பார்: இதில் எது சொந்தப் பல்?

"அத வை பெவ்," என்றாள். "வாயத் திறங்க நெவில்."

முதலில் நீளத்தைக் குறைத்தாள். வெள்ளைத் தூள் பறந்தது. ஊதச் சொன்னாள். மாற்றமில்லை. ஓரத்தை உருட்டினாள். ஓசையில் கொஞ்சம் கனம் கூடியது. மெல்லிய உரசு பட்டையை இரண்டு பல்லுக்கும் நடுவே செருகி, இழுத்து இழுத்து, தானே மூடிய சந்தைத் திறந்தாள். ஊதினார். கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது, அவரே திடுக்கிட்டுக் குழலை இறக்கிவிட்டார். ஹெதரின் அக்குள் நனைந்தது. இருந்ததும் போய்விட்டது, இப்போது பல்லும் இல்லை பாட்டும் இல்லை. பெவ் இந்தமுறை கேலி செய்யவில்லை. தண்ணீர்க் கோப்பையை மட்டும் அவரிடம் நீட்டினாள்.

பல்லின் பின்புறத்தில், தான் மெலிதாக்கிய இடத்தில், ஒரு பயறளவு பசையை வைத்து நீல ஒளியைக் காட்டி இறுக்கினாள். அழகாக இல்லை, சும்மா ஒரு திட்டு. "ஊதுங்க."

கீழ் ஓசைகள் நிறைந்து வந்தன. மேசைமேல் பஞ்சு வைத்திருந்த கண்ணாடி ஜாடி கிணுகிணுத்தது. நெவில் கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏறினார், ஏறினார், உச்சிக்குச் சற்றுமுன் நின்றார்.

"இன்னும் கொஞ்சம் ராவு," என்றார். "ஓரத்துல."

அவள் குனிந்து பார்த்தாள். "இதுக்குமேல நான் கட்டினது இல்ல நெவில். உங்க சொந்தப் பல்லு."

"என் பல்லுதானே? ராவு."

"திரும்ப வளராது. அதத் தொட மாட்டேன்."

"ஹெதர்..."

"மாட்டேன். மத்தபடி என்ன வேணும்னாலும் கேளுங்க."

அவர் முதல்முறையாக அவளைக் கோபமாகப் பார்த்தார். அந்தக் கோபம் அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. அவர் குழலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இந்த ரூமு சத்தத்தத் தின்னுது. வெளிய போய் ஊதிப் பாக்கறேன்."

பெவ் ஹெதரைப் பார்த்தாள். "இப்போ எடுக்கட்டுமா படம்?"

"அவர் வரட்டும், எடுக்கலாம். இன்னைக்குத் தேதிய போடு."

"அப்ப இன்னொரு வருஷமா?"

"ஆமா, பெவ்."

ஹெதர் கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர் பின்னால் இறங்கினாள். ரொட்டிக்கடைக்குப் பின்னே குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கிற சந்தில், ஈரச் சுவரைப் பார்த்தபடி நெவில் நின்றார். பேண்டில் எல்லாரும் முதலில் வாசித்துப் பழகுகிற ஒரு தேவாலயப் பாட்டை எடுத்தார். மெதுவான பாட்டு. கல் சுவரில் பட்டு அது அகலமாகத் திரும்பி வந்தது. ரொட்டிக்கடைப் பெண் மாவுக் கையோடு பின்கதவில் வந்து நின்றாள். பாட்டு மேலே திரும்பும் இடத்தில் அவர் தோள் உயர்ந்தது. அந்த உச்ச ஓசை வந்தது. பழையதல்ல; ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்பாக, உள்ளே ஏதோ உரசுகிற மாதிரி இருந்தது. அறுந்துவிடும் என்று ஹெதர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் அதை விடவில்லை. தாளக் கணக்கு முடிந்த பிறகும், அது தாங்குமா என்று அழுத்திப் பார்ப்பவர்போல, சுவரை நோக்கி இன்னும் கொஞ்சம் குனிந்து, அதையே பிடித்துக்கொண்டு நின்றார்.