புல்வெளியோரம் ஒரு போலந்துக் கப்பல்

போன மார்ச்சில், அமெரிக்காவின் சுகர் லேண்டில் நாகமணி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கு ஒரு போலந்துக் கடற்படைக் கப்பல் வந்து சேர்ந்தது. அந்த ஏரிக்கும் கடலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பழைய போரில் பால்டிக் கடலில் மிதக்கவிட்ட கண்ணிவெடிகளை அகற்றுவதுதான் முப்பது வருடமாக அதன் உத்தியோகம். மற்றக் கப்பல்களுக்கு முன்னால் போய் வழியைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஓய்வு கொடுத்த அன்று, கொடியை இறக்க அதிகாரிகள் வருவதற்குள், ஆளில்லாமலே கிளம்பிவிட்டது. சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கு ஓய்வு கொடுத்தால் இப்படித்தான்.

நாகமணியின் கணவன் நெடுஞ்செழியன் அப்போது பவானியில் மாட்டிக்கொண்டிருந்தான். அப்பா காரியத்துக்குப் போனவனுக்கு, திரும்பி வருவதற்கான விசா ஸ்டாம்பிங் இழுத்தடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வேலை, மகள் தென்றல் என்று நாகமணி ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலையணை உறையை மட்டும் துவைக்க மனம் வரவில்லை. கப்பல் தினமும் வடம் போட்டு ஏரியை அலசியது. முதலில் ஷாப்பிங் கார்ட்டுகள் வந்தன. ஆடியில் பவானி கூடுதுறைச் சாமந்தி மாலைகள் வாடாமல் மேலே வந்தன. மறுநாள் கப்பல் தண்ணீருக்குள் போய், வியாழக்கிழமை நெடுஞ்செழியனோடு திரும்பியது.

"ஏனுங்க, இறங்குங்க!" நாகமணி புல்வெளியில் ஓடினாள்.

யாருமில்லாத தெருவிலும் ஸ்டாப் போர்டில் நின்று போகிறவன் அவன்.

"எப்படி அம்மிணி? ஸ்டாம்பிங் இல்லாம கால் வெச்சா இல்லீகல் என்ட்ரி. போட்டு வெச்ச கிரீன் கார்டு அப்ளிகேஷனே போயிரும். இந்தக் கொடிக்குக் கீழ நிக்கறவரைக்கும் நான் போலந்துல இருக்கறன்."

"அப்ப நான் வர்றனுங்க."

"வந்துராத! உன்ற ஸ்டாம்பும் முடிஞ்சிருச்சு. அங்கிருந்து கால எடுத்தா திரும்ப முடியாது."

விசா வேலை பார்க்கும் அட்டர்னியும் அதையே சொன்னார்.

கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு பலகை போட்டார்கள். இங்கே பிறந்த தென்றலுக்கு மட்டும் தடையில்லை. ரசமும் சார்ஜரும் அவள் கையில் போய்வந்தன. போனில் பார்த்துச் சமாளித்த நாகமணிக்கு, அவன் தலையெண்ணெய் வாசம் வரும் தூரத்தில் நிற்பது தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் வாய்விட்டு அழுதாள். தென்றல் டிபன் பாக்ஸை வைத்துவிட்டுப் பலகையின் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கை நீட்டினாள்.

"ஜஸ்ட் ஹோல்ட் மை ஹேண்ட், ஓகே?"

ஒரு கையை அம்மா பிடித்தாள், மறு கையை அப்பா. ஹோம்வொர்க் முடிந்ததும் தினமும் அப்படித்தான் உட்காருகிறாள். நாயோடு நடக்கிறவர்கள் கையசைத்துவிட்டுப் போகிறார்கள். கை வலித்தால் தென்றல் சொல்லுவாள். சொன்ன பிறகும் நாகமணி உடனே விடுவதில்லை.