எழுபது தாள்

“கிழிடி அத! தை பொறந்து மூணு நாளாவுது, உன் வூட்ல இன்னும் ஐப்பசி தொங்கிக்கினு கீது!”

“வந்தா கிழிக்க மாட்டனா? நீயே இழுத்துப் பாரேன் யக்கா!”

பக்கத்து வீட்டு ராஜாம்பாள் இழுத்துப் பார்த்தாள். ஆணியோடு காலண்டர் பெயர்ந்து கையில் வந்தது. ஐப்பசி இருபத்திரண்டாம் தேதித் தாள் மட்டும் கிழியவில்லை. தியாகதுருகம் முழுக்கக் காணும் பொங்கல் வெயில் காய, நிர்மலா வீட்டு ஓட்டின்மேல் மட்டும் ஐப்பசி அடைமழை பெய்துகொண்டிருந்தது. தெருவில் யாரும் அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. ஓட்டு நுனியில் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்க இரண்டு வீட்டார் காலையிலேயே வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

சண்டை காலண்டருக்காக வந்ததல்ல. ராஜாம்பாளின் பேரன் தமிழழகனும் நிர்மலாவின் மகள் சுபஸ்ரீயும் கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரியில் ஒரே நாளில் பிறந்தவர்கள். அவன் மாதம் நிறைந்து பிறந்தவன். எட்டு மாதத்தில் வீடெல்லாம் தவழ்ந்து, அன்று காலை வாசப்படியையும் தாண்டி, கொழுக்கட்டைக்கு உரியவனாகிவிட்டான். அந்தக் கொழுக்கட்டையைக் கிண்ணத்தில் கொண்டுவந்தவள் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பாயில் மல்லாந்து கிடந்த சுபஸ்ரீயைப் பார்த்து, “இது இன்னும் உக்காரக்கூட இல்லியே. அவசரத்துல எறக்குன சோறு அரவேக்காடுதான்” என்றாள். சும்மா இருந்தால் அது ராஜாம்பாள் வாய் இல்லை. “என் வூட்டுக் கணக்குக்கு அவளுக்கு இன்னும் ஆறு மாசமே ஆவல” என்று நிர்மலா காலண்டரைக் காட்டப்போய்த்தான் பேச்சு கிழிப்பதில் வந்து நின்றது.

நிர்மலா சொன்னதில் பொய் இல்லை. சுபஸ்ரீ வைகாசி மூன்றாம் தேதி, பத்து வாரம் முந்திப் பிறந்தாள். ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அவள் அப்பன் வெற்றிவேல் வெள்ளிமலையிலிருந்து குட்டியானை வண்டியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வருபவன். இதைவிட ஜாஸ்தி எடையுள்ள கிழங்கை ஒரு கையால் தூக்கி எறிந்திருக்கிறேனே என்று சொல்லி அழுதான். டீக்கடையில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத மனிதன், சட்டையைக் கழற்றிவிட்டு மகளை வெற்று மார்பில் கட்டிக்கொண்டு தினமும் ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தான். எழுபதாம் நாள், ஆடி பத்து, அவள் பிறந்திருக்க வேண்டிய அதே தேதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற நர்ஸ் தங்கமணி, “இதுக்கு ரெண்டு வயசும்மா. பொறந்த வயசு ஒண்ணு, அதுல பத்து வாரம் கழிச்சுத் திருத்துன வயசு ஒண்ணு. உக்காருதா, நிக்குதான்னு திருத்துன வயசை வச்சுத்தான் பாக்கணும்” என்றாள். வெற்றிவேல் முதல் வாக்கியத்தோடு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கொயந்தைக்கு ரெண்டு வயசாம் என்ற சேதி, அவர்கள் பஸ் இறங்குமுன் தெருவில் இறங்கிவிட்டது. ரெண்டு வயதுக்காரிக்குப் பல் எங்கே என்று ராஜாம்பாள் வாசலிலேயே மறித்துக் கேட்டாள்.

பூட்டிக் கிடந்த வீட்டில் காலண்டர் வைகாசி மூன்றிலேயே நின்றிருந்தது. நிர்மலா எழுபது தாளையும் சேர்த்துக் கிழிக்கப் பார்த்தாள், வரவில்லை. மறுநாள் காலை ஒன்று வந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. வருஷம் மாறிப் புதுக் காலண்டர் மாட்டினாலும் அதே பிடிவாதம்தான். வீடும் காலண்டரின் பின்னாலேயே நடந்தது. தெரு தீபாவளிக்கு வெடித்தபோது உள்ளே ஆவணி. தெருவில் கரும்பு கடித்த வாரம் உள்ளே எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். வெற்றிவேல் சித்திரை வெயிலில் வேர்த்து வந்து வாசப்படி தாண்டினால், உள்ளே மாசிக் குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டான். நிர்மலாவுக்கு இது பிடித்துப்போயிற்று. வாசப்படிக்கு உள்ளே அவள் மகள் எதிலும் பிந்தவில்லை. வெளியே வந்தால்தானே தமிழழகன். அதனால் வெளியே வருவதையே விட்டாள். ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்ன இரண்டு நாட்களையும் விட்டாள்.

ஆனால் காலண்டர் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. ஒரு நாள் அது மாசி மூன்று காட்டியது. வீட்டுக் கணக்குப்படியே ஒன்பது மாதம் முழுதாக ஆகிவிட்டது, சுபஸ்ரீ உட்காரவில்லை. தூக்கி நிறுத்தினால் கால்கள் கத்திரிக்கோல் போலக் குறுக்கே பின்னிக்கொண்டன. கழிப்பதற்கு இனி நாள் இல்லை. நிர்மலா மகளை மாசிக் குளிரிலிருந்து சித்திரை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து கள்ளக்குறிச்சி பஸ் ஏறினாள்.

தங்கமணி குழந்தையின் காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். “பத்து வாரத்தைக் கழிக்கச் சொன்னா ஆஸ்பத்திரியையே கழிச்சிட்டீங்களேம்மா.”

“நடப்பாளா சிஸ்டர்?”

“மொதல்ல உக்காரட்டும். வாரத்துக்கு ரெண்டு நாள் கூட்டிக்கினு வாங்க, மத்ததைப் பாக்கலாம்.”

நடப்பாள் என்று அவள் சொல்லவில்லை என்பதை நிர்மலா வீடு வரும்வரை சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அன்றிலிருந்து வாரம் இரண்டு பஸ். வீட்டில் போர்வையைச் சுருட்டி, குதிரை ஏற்றுவதுபோல் மகளை அதன்மேல் கால் அகட்டி உட்காரவைப்பாள். இந்தப் பக்கம் ஒரு கிலுகிலுப்பை, அந்தப் பக்கம் ஒன்று. ராஜாம்பாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எத்தனை தடவை சாய்கிறது என்று எண்ணித் தெருவுக்குச் சொன்னாள். கிலுகிலுப்பையைச் சரியாக ஆட்டவில்லை என்று திட்டினாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்து தானே ஒன்றை வாங்கி ஆட்டினாள். பங்குனி முடிவதற்குள் சுபஸ்ரீ உட்கார்ந்தாள். ஆனியில் தவழ்ந்தாள். பங்குனி, ஆனி என்பதெல்லாம் அந்த வீட்டுக் கணக்கு; தெருக்காரர்கள் எழுபது நாள் கூட்டிக்கொள்வார்கள்.

மார்கழியில் ஒரு விடிகாலை, வீட்டுக்குள் ஐப்பசி மழை ஒழுகிக்கொண்டிருந்தபோது, ராஜாம்பாள் தெருவில் உட்கார்ந்து கோலத்துக்குப் பரங்கிப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஈரக்காலோடு கோலத்தில் ஏறினார்கள். “எவ அவ, என் கோலத்த மிதிக்கிறது?” என்று கத்திக்கொண்டே நிமிர்ந்தாள். மிதித்தவள் இரண்டு கையையும் விரித்து, தள்ளாடி, அடுத்த பூவின்மேலும் காலை வைத்தாள். வாசப்படியில் நிர்மலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ராஜாம்பாளின் திட்டு பாதியில் நின்றதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. அன்றைய கொழுக்கட்டையை அவளே செய்தாள். உப்பு கம்மி.

திருத்திய வயதுக்கு இரண்டு முடிந்த அன்று, இனிமேல் கழிக்க வேண்டாம் என்று தங்கமணி சொல்லியனுப்பினாள். சுவரில் ஆணி பெயர்ந்த நாள்முதல் காலண்டர் ஜன்னல் கம்பியில் தாழ்வாகத்தான் தொங்கியது. பஸ் இறங்கி வந்த சுபஸ்ரீ நேரே அதனிடம் போய் ஒரு தாளைக் கிழித்தாள். வந்தது. இன்னொன்றைக் கிழித்தாள். பெரியவர்கள் யாருக்கும் கொடுக்காத எழுபது தாளையும், உட்கார்ந்து, நாக்கை நீட்டிக்கொண்டு கிழித்து முடித்தாள். காலண்டர் ஆடி பத்து காட்டியது. தெருவிலும் ஆடி பத்துதான். நிர்மலா தாள்களைப் பொறுக்கி பிஸ்கட் டப்பாவில் போட்டாள். வெற்றிவேல் டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்து, தாளுக்கு இவ்வளவு கனமா என்றான். கை மறக்காத எடை: ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி.

ராஜாம்பாளின் மகள் செந்தமிழ்ச்செல்வியை மணலூர்பேட்டை சிவசங்கருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மறுவருஷம் ஐப்பசியில் அவளுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கையிலேயே வலி கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ராஜாம்பாள் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

“நிர்மலா, அந்த டப்பா கீதா? எட்டு வாரம் குடும்மா.”

அரவேக்காடு என்ற சொல் நிர்மலாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. டப்பாவைத் திறந்துவிட்டாள். ஐம்பத்தாறு வேண்டும். ராஜாம்பாள் எண்ண ஆரம்பித்து இரண்டு தடவை கணக்கை விட்டாள். நிர்மலா ஆட்டோ பிடிக்க ஓடினாள். சுபஸ்ரீதான், “நான் எண்ணுறேன் ஆயா” என்று உட்கார்ந்து எண்ணிக்கொடுத்தாள். மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று சொல்லுகிற வயது அவளுக்கு. பத்துப் பத்தாக ஐந்து தடவை, கடைசியாக ஆறு. ஒவ்வொரு தடவையும் நான்கை விட்டுவிட்டாள்.

தாள்களைச் செல்வியின் தலையணைக்கடியில் வைத்தார்கள். வலி நின்றது. விடிகிறபோது ஒரு தாள் வெள்ளையாகியிருக்கும். ஒன்று தீர்ந்தது என்று எடுத்துப் போடுவார்கள். ஐம்பதாவது தாள் வெளுத்த அன்று பேரன் பிறந்தான், இரண்டே முக்கால் கிலோ, குறித்த நாளுக்கு ஆறு நாள் முந்தி.

மிச்சம் இருபது தாள் நிர்மலா வீட்டு டப்பாவில் இருந்தது. கேட்டு வருபவர்களுக்கு இப்போதெல்லாம் சுபஸ்ரீ நான்கையும் சேர்த்தே எண்ணிக்கொடுக்கிறாள். ராஜாம்பாள் பேரனைப் பார்த்துக்கொள்ள மணலூர்பேட்டைக்கே குடிபோய்விட்டாள். அங்கே யாராவது வாய் வைத்து, உன் பேரன் இன்னும் குப்புற விழவில்லையா என்று கேட்டால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்கிறாளாம்:

“ஆறு நாளக் கழிச்சிக்கினு வந்து கேளு.”