மழை என்று நம்பி

மூன்றாவது குடம் ஊற்றும்போதுதான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவள் பார்த்தாள். பெஞ்சில் கிடத்தியிருந்த புருஷனின் காலடியிலிருந்து வழிந்து, மதிலோரம் அவர் நாலு செங்கல் வைத்து அடைத்திருந்த மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பெஞ்சை அந்தப் பக்கம் திருப்புங்களேன்" என்றாள்.

யாரும் காதில் வாங்கவில்லை. துக்கத்தில் என்னவோ சொல்கிறாள் என்று நாத்தனார் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கால்வாயில் சகதி வாருவது அவருக்கு வேலை. தண்ணீரை நிறுத்திவிட்டு, கரையை இயந்திரம் வைத்து வெட்டினார்கள். வெட்டிய மண்ணில் ஆமை முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. புரட்டினால் உள்ளே இருக்கிற உயிர் போய்விடும் என்று, கிடந்த வாக்கிலேயே மண்ணோடு சட்டியில் அள்ளி வைத்து, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்து, மதில் மூலையில் புதைத்துச் செங்கல் அடைத்தார். ஆமை புகுந்த வீடு உருப்படுமா என்று அவள் கேட்டாள்.

"நீ பூந்தே. உருப்படலையா?"

அன்று முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசினால் சிரித்துவிடுவாள்.

குஞ்சு பொரித்தாலும் உடனே வெளியே வராதாம். இறுகின மண்ணுக்கடியில் மழைக்காகக் காத்துக் கிடக்குமாம். ஒருநாள் பாவம் பார்த்து அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோனபோது தடுத்துவிட்டார்.

"ஊத்தாதே. மழைன்னு நம்பி வந்துடும். கால்வாய் காஞ்சு கெடக்கு, வந்து எங்க போகும்?"

வேலை விட்டு வந்தால் செங்கல் பக்கத்தில் குந்திக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். நேற்றும் பார்த்தார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"ஆமையைக் கொண்டாந்து வெச்சான், போய்ச் சேந்துட்டான்" என்றாள் நாத்தனார். ஆட்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்ததும் முட்டைகளைத் தோண்டி எறியச் சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

"அதுல கை வைக்காதீங்க அண்ணி. அவரு வெச்சது."

நாத்தனார் முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அழுது ஓய்ந்தவர்கள் உள்ளே சுருண்டு படுத்திருந்தார்கள். வெயில் தாழ்ந்தபோது, நனைந்த பெஞ்சை ஓரமாக இழுத்துப்போட அவள் பின்பக்கம் வந்தாள். செங்கல்லுக்கு நடுவில் ஈர மண் உப்பி வெடித்திருந்தது. வெடிப்பில் சேறு அப்பிய சின்ன மூக்கு. பின்னாலேயே இன்னொன்று. கால்வாய் இருக்கிற திக்கில் நகர்ந்து, செங்கல்லில் முட்டி நின்றன.

அண்டாவில், அவருக்கு ஊற்றியது போக மிச்சத் தண்ணீர் இருந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். நகத்தால் கீறியது. இரண்டையும் தண்ணீரில் விட்டாள். ஏறி உட்கார இடம் வேண்டுமே என்று ஒரு செங்கல்லைப் பெயர்த்து நடுவில் இறக்கினாள்.

பிறகு அந்த இடத்தில் குந்திக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை.