பனிக்கடியில் ஆறு

காரைக்குடி வெயிலில் ஸ்வெட்டர் தேடி அலைந்த நாளிலிருந்தே அஸ்பாக்குக்கு மூஞ்சி சரியில்லை. அக்கா பர்வீன் பானு இமயமலைக்குப் போய்ப் பனியாற்றின்மேல் நாள்கணக்கில் நடக்கப் போகிறாளாம். துணைக்குத் தம்பி போகாவிட்டால் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அது பல வருட ஆசை. அவனுக்கோ தலையெழுத்து.

மூன்று நாள் நடந்தும் அஸ்பாக் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதைக் காட்டினாலும் "கால் வலிக்குது லாத்தா" என்பான் அக்காவிடம். பர்வீன் வாயை மூட மறந்து நடந்தாள். கண்ணுக்கெட்டிய வரை பனி. யா அல்லாஹ், இத்தனையும் தண்ணீரா! ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு லாரி பின்னால் ஓடியவள் அவள்.

விடியற்காலையில் பனி சிமெண்டுத் தரையாக இறுகிக் கிடக்கும். வெயில் ஏறிவிட்டால் காலை முழங்கால் வரை உள்வாங்கும். அன்று உருகி ஓடிய ஓடை ஒன்று வழியை மறிக்க, சுற்றிப் போனதில் நேரமாகிவிட்டது. அடுத்து ஓர் ஆழமான பிளவு. அதன்மேல் பனி பாலம்போல மூடியிருந்தது. வழிகாட்டியோடு சேர்த்து மூவரையும் ஒரே கயிறு பிணைத்திருந்தது. முதலில் கடந்த வழிகாட்டி நம்கியால், நடுவில் மட்டும் நிற்காதே என்று இந்தியில் கத்தினார்.

அஸ்பாக் நடுவில் நின்றான்.

"லாத்தா, கீழ தண்ணி ஓடுது! ஆறு கணக்கா சத்தம் கேக்குது!"

"நிக்காதடா, அங்குட்டுப் போ!"

அவன் குனிந்து காது கொடுத்தான். பாலம் உடைந்தது. ஆளைக் காணோம்.

கயிறு இடுப்பைச் சுண்டி இழுக்க, பர்வீன் குப்புற விழுந்து பனிக்கோடாரியைக் குத்திப் பிடித்தாள். பிடி நழுவினால் தம்பி போய்விடுவான். உம்மா முகத்தில் எப்படி விழிப்பது? எதிர்ப்பக்கம் நம்கியால் முளை அடித்துக் கயிற்றை இறுகக் கட்டும் வரை அவள் உயிர் அவளிடம் இல்லை.

"அஸ்பாக்! அடிபட்டுச்சா? பேசுடா!"

பிளவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல லாத்தா."

"அவுக தூக்கப் போறாக. கயித்தப் பிடிச்சுக்க!"

"இப்ப வேணாம்னு சொல்லு. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. உள்ள எல்லாம் நீலமா இருக்கு லாத்தா. சுவரு, அடி, எல்லாமே நீலம். அடியில ஆறு ஓடுது. மூணு நாளா என்னத்தப் பாத்தேன் நான்?"

திட்ட வாயெடுத்த பர்வீனுக்கு அழுகைதான் வந்தது.

"பாத்துக்கடா," என்றாள். "நான் விட மாட்டேன்."