பொங்கலுக்குப் பிந்திய பானைகள்

கப்பல் என்னுடையது இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்துவிட்டது. இல்ஃபோர்ட்டில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இரண்டு மேசை போட்டு, கடைக்காரர்களுக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். கப்பலில் இடம் பிடிப்பது, பத்திரங்கள் தயாரிப்பது, சுங்கத்தில் பேசிக் கொண்டெய்னரை வெளியே எடுப்பது, கடை வாசலுக்கு லொறி அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை. ஆனால் நடுக்கடலில் புயல் அடித்தாலும் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டுவார்கள். "நிர்மலன், எங்க காணும் என்ர சாமான்?" சாமான் நேரத்துக்கு வந்துவிட்டால் மட்டும் என் பெயர் ஒருவருக்கும் ஞாபகம் வராது.

2007 தைப்பொங்கலுக்கு, மனோர் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கிருஷ்ணராசா அண்ணை ஒரு கொண்டெய்னர் நிறைய மண்பானை எடுக்கத் துணிந்தார். ஜெர்மனியில் உணவகச் சமையலறைகளில் காய்ந்துவிட்டு வந்து திறந்த கடை அது. அதே தெருவில் பெரிய கடை ஒன்று வந்த பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. இந்தப் பானைகள் விற்றால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் கோடைக்குள் மூட வேண்டியதுதான் என்று என்னிடமே சொல்லியிருந்தார். தூரத்தில் இருக்கும் சட்டனிலிருந்துகூட ஆட்கள் பானைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் பொங்கல் காலை வரைதான் பானைக்கு மதிப்பு. மறுநாள் அதைச் சும்மா கொடுத்தாலும் யார் தூக்கிக்கொண்டு போவார்கள்?

பானை செய்வது மானாமதுரையில். திருச்சியில் இருக்கும் அவருடைய மச்சான் அருட்பிரகாசம் தூத்துக்குடிக்குப் போய் நின்று ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு. நான் அண்ணையை எதிரில் இருத்திப் பாடம் எடுத்தேன்.

"அண்ணை, பானைக்கு இடையில வைக்கோல் வைக்கப்படாது. இஞ்ச விடமாட்டாங்கள். பேப்பர்தான் வைக்கவேணும். மற்றது, ஒருத்தற்ற பார்சலும் ஏறக்கூடாது. ஒரு மிளகாய்த்தூள் பைகூட."

"ஓம் தம்பி, ஓம்."

"இப்ப ஓம் எண்டுபோட்டுப் பிறகு தலையைச் சொறியாதேங்கோ."

"மச்சானிட்ட வடிவாச் சொல்லுறன் தம்பி."

நம்முடைய ஆட்களின் வியாதி எனக்குத் தெரியும். ஒருவர் விமானம் ஏறுகிறார் என்று காதில் விழுந்தால் போதும், "சின்னப் பார்சல்தான்" என்று நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். மறுத்தால் ஆயுளுக்கும் முகம் பார்க்கமாட்டார்கள். முழுக் கொண்டெய்னர் போகிறது என்றால் கேட்கவா வேண்டும்?

கப்பல் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் எனக்கு மகள் பிறந்தாள். மனைவி யசோதினிக்குத் துணையாக வர அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. மாமி திருச்சியில் இருந்தபடி தொலைபேசியில் வைத்தியம் பார்த்தார். பிள்ளைக்குப் பால் போதவில்லை என்று அங்கே அவர் அழ, இங்கே இவள் அழ, நான் தூக்கமில்லாமல் கந்தோருக்குப் போய்க் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் சொன்ன நாளில் துறைமுகத்துக்கு வந்தது. எனக்கே ஆச்சரியம். சுங்கத்தார் எழுந்தமானமாகக் கைக்கு வந்த சில கொண்டெய்னர்களைத் திறப்பார்கள். அதில் எங்களுடையதும் ஒன்று. திறக்கட்டும், பானைதானே என்று நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

பானைகளுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியாம். உள்ளே ஒரு டின் நெய்யும் ஒரு பொதி கருவாடும். பத்திரத்தில் பானை மட்டும்தானே இருக்கிறது என்று அந்த அதிகாரி மிக மரியாதையாகக் கேட்டார். நெய்யையும் கருவாட்டையும் இந்தியாவிலிருந்து இப்படிக் கொண்டுவர முடியாது. அதை அழித்துவிடுவார்கள். இனி கடைசிப் பானை வரை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

கடைக்குப் போன் போட்டேன்.

"ஆர் அண்ணை அந்தப் பெட்டியை ஏத்தினது?"

"தெரியேல்லைத் தம்பி."

அதன் பிறகு நான் போன் எடுத்தபோதெல்லாம் திட்டினேன். அவருடைய மச்சானைத் திட்டினேன், பெட்டி கொடுத்தவரின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். துறைமுகத்தில் நான் கெஞ்சாத ஆளில்லை. அண்ணை ஒவ்வொரு தடவையும் "ஓம் தம்பி, ஓம்" என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பொறுமை என் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது.

பொங்கலன்று கடைக்கு வந்தவர்கள் வெறுமையாகக் கிடந்த மூலையைப் பார்த்துவிட்டு, அலுமினியச் சட்டியில் பொங்கப் போய்விட்டார்கள். கொண்டெய்னர் மறுநாள் வந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணை லொறியிலிருந்து பானைகளை ஒவ்வொன்றாக இறக்கி, நடைபாதையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட உடையவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"ஆரோ ஒரு மனிசிக்கு நெய் அனுப்ப உங்கட கடையே போகப்போகுது. இன்னும் ஆரெண்டு தெரியேல்லை எண்டுறியள். மச்சானைக் கேட்டுச் சொல்லுங்கோ, நானே எடுத்து நாலு கேள்வி கேக்கிறன்."

கல்லாவில் இருந்த அவருடைய மனைவி யோகமலர் அக்கா வெளியே வந்தார். "கேளுங்கோ தம்பி. நம்பர் உங்களிட்ட இருக்குத்தானே."

"மலர், பேசாமல் உள்ளுக்குப் போம்," என்றார் அண்ணை.

"எவ்வளவு நாளைக்குத்தான் பேச்சு வாங்குவியள்? தம்பி, அது உங்கட மாமி. பிள்ளை பெத்த மகளுக்குப் பால் ஊறட்டும் எண்டு நெய்யும் பால்சுறாக் கருவாடும் குடுத்துவிட்டவ. கேட்டா மருமகன் மறிப்பார், சொல்லவேண்டாம் எண்டவவாம். 'மருமகன்ர கையாலதானே இறங்கப்போகுது' எண்டு சொன்னால் திருச்சியில நிக்கிற என்ர தம்பி என்னெண்டு மாட்டனெண்டுறது?"

நான் வைதவை எல்லாம் ஒன்றுவிடாமல் எனக்கே காதில் கேட்டன.

"ஏன் அண்ணை முதலே சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நீங்கள் நித்திரையும் இல்லாமல் எனக்காக ஓடித்திரிஞ்சியள்." கையிலிருந்த பானையைத் துடைத்துக் கீழே வைத்தார். "அது கிடக்கட்டும் தம்பி. பிள்ளைக்கு இப்ப பால் காணுதோ?"

லொறியில் ஏறி அடுத்த பானையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.